போத்தலின் கடைசி இரண்டு விரல்

வைனைப் பற்றி வாய் கிழியப் பேசும் தமிழர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. சங்கடம் என்னவென்றால், அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். என்னுடைய வாய் என்னைக் கொண்டுபோய் எங்கே நிறுத்தியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் ஆறுதல் சொல்ல வர வேண்டாம். ஆறுதல் சொல்கிறவர்களைக் கண்டாலும் எனக்கு ஆகாது.

இதில் இன்னொருவன் வருகிறான். அவனை முதலாளி என்றே எழுதப்போகிறேன். மரியாதையால் அல்ல, அவன் பெயரை எழுதினால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் அவனுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கொத்துரொட்டி, இடியப்பம், சனி ஞாயிறுகளில் ஆட்டு இறைச்சி. அது போதாதென்று, வெள்ளைக்காரர்களுக்காக இன்னொன்றும் திறந்திருக்கிறான். மேசைவிரிப்பு, மெழுகுதிரி, நீளமான வைன் பட்டியல் எல்லாம் உள்ள கடை. அந்தப் பட்டியல்தான் வினை.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு நாங்கள் இருவரும் ஒரே நிலக்கீழ் அறையில் பாத்திரம் கழுவினோம். நகரத்தின் நடுவே உள்ள ஒரு பிரெஞ்சு உணவகம். கழுத்துப்பட்டி கட்டியவர்கள் மத்தியானம் வந்து உட்கார்ந்தால் மூன்று மணிவரை எழும்பமாட்டார்கள். மேலே அவர்கள், கீழே நாங்கள். பாத்திரம் கழுவும் இடத்தை பிளோஞ் என்பார்கள். லா சப்பலில் எங்கள் வயதுக்காரர் யாரிடம் கேட்டாலும் அந்தச் சொல்லின் ஈரம் தெரியும். அவன் நான்கு வருடத்தில் அங்கிருந்து வெளியேறிவிட்டான். நான் இன்றுவரை அங்கேதான் நிற்கிறேன்.

மேசைகளிலிருந்து பீங்கான்கள் கீழே வரும்போது போத்தல்களும் கூடவே வரும். காசுள்ளவர்கள் போத்தலை முழுதாக முடிப்பதில்லை. அடியில் இரண்டு விரல் மிஞ்சும். அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, வெறும் போத்தலைப் பெட்டியில் போடுவது என் வேலை. முதல் சில வாரங்கள் அப்படித்தான் செய்தேன். ஒருநாள் ஊற்றும்போது எழுந்த வாசம் என்னைப் பிடித்து நிறுத்தியது. தேநீர் குடிக்க வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த சின்னக் கிளாஸில் அதை ஊற்றிக் குடித்தேன். அதன்பிறகு நிறுத்தவில்லை.

வெறிக்காகக் குடிக்கவில்லை. இரண்டு விரலில் யாருக்கும் வெறி வராது. அந்த அறைக்குள் ஈரமும் சவர்க்காரமும் தவிர வேறொன்றும் இல்லை. அதற்குள் வந்த ஒரே அதிசயம் அதுதான். லேபிளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து உரித்து, அப்பியாசக் கொப்பியில் ஒட்டினேன். பக்கத்தில் ருசியைத் தமிழில் எழுதினேன். "புளியம்பழக் கோது." "மழை பெய்து விட்ட பிறகு சாக்கு." "இது எனக்கு விளங்கவில்லை, திரும்ப வந்தால் பார்க்க வேண்டும்." இப்படி நான்கு கொப்பிகள். பிரெஞ்சை நான் லேபிள்களில்தான் படித்தேன் என்று சொன்னால் பொய்யில்லை.

எனக்கென்று ஒரு சட்டம் இருந்தது. போத்தலில் மிஞ்சியதைத் தொடலாம், கிளாஸில் மிஞ்சியதைத் தொடக்கூடாது. போத்தலில் யாரும் வாய் வைப்பதில்லை. கிளாஸில் வாய் வைத்தாயிற்று, அது எச்சில். இந்தச் சட்டத்தை ஒருநாள்கூட மீறியதில்லை. ஆனால் பக்கத்துத் தொட்டியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை.

அப்போது லா சப்பலுக்குப் பக்கத்தில் ஒரே அறையில் ஆறு பேர் இருந்தோம். அவனும் அதில் ஒருவன். என்னை மச்சான் என்று கூப்பிட்டவன். எனக்குக் கலியாணம் பேசி, பெண்ணின் தமையன் புறநகரான லெ பிளாங்-மெனிலில் இருந்து என்னைப் பற்றி விசாரிக்க வந்த நாளில், அவரிடம் இவன் சொன்னான்: "ஆள் நல்லவன்தான். ஆனால் வெள்ளையளின்ரை எச்சிலைக் குடிக்கிறவன்." பகிடிக்குச் சொன்னதாகப் பிறகு சொன்னான். அந்தப் பகிடி ஒரு கிழமைக்குள் எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் போய்ச் சேர்ந்தது. கடைக்குப் போனால் பின்னால் ஒரு சிரிப்புக் கேட்கும். போத்தல் வேறு, கிளாஸ் வேறு என்று அவர்களுக்கு நான் எப்படி விளக்குவது? எங்கள் ஆட்களிடம் எச்சில் என்ற சொல் ஒருதரம் ஒட்டினால் ஒட்டினதுதான்.

ஆகவே பொய் சொன்னேன். பிள்ளையார் கோயிலில், பெண்ணும் தமையனும் பக்கத்தில் நிற்க, கற்பூரத்தின் மேல் கை வைத்து, போத்தலிலும் இல்லை, கிளாஸிலும் இல்லை, ஒரு துளியும் நான் குடித்ததில்லை என்று சத்தியம் செய்தேன். கலியாணம் நடந்தது. அந்தச் சத்தியத்தை இருபது வருடம் கட்டிக் காத்தேன். அடுத்த நாளிலிருந்து திரும்பவும் குடித்தேன் என்பது வேறு விஷயம்.

அந்த நான்கு கொப்பிகளுக்குள் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தேன். உணவகத்தின் பத்ரோன், அதாவது உரிமையாளர், ஒரு ஸ்பெயின்காரியைக் கட்டியிருந்தார். அதனால் அத்தனை பிரெஞ்சு வைன்களுக்கு நடுவே அவள் ஊர்ச் சிவப்பு ஒன்றும் பட்டியலில் இருந்தது. வெள்ளை லேபிள், அதில் ஒரு கோவேறு கழுதையின் படம். எண்பது வருடத்துக்கு மேற்பட்ட கொடிகளின் பழம் என்று பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். கிழட்டுக் கொடி குலை தள்ளுவது குறைவாம். தள்ளுகிற கொஞ்சத்தில் முழுச் சாரத்தையும் இறக்கிவிடுமாம். எனக்கு அதில் முற்றின நாவல்பழம் இருந்தது, வெயிலில் காய்ந்த கல் இருந்தது, விழுங்கிய பிறகும் போகமாட்டேன் என்று நிற்கிற ஒரு மெல்லிய கசப்பு இருந்தது. அந்தப் போத்தல் கீழே வருகிற நாள் எனக்கு நல்ல நாள்.

இனி என் தோள். பீங்கான் அடுக்கிய தட்டுகளைத் தூக்கித் தூக்கி வலது தோளின் தசைநார் கிழிந்துவிட்டது. வேலையிடத்து வைத்தியர் தோளின் ஸ்கான் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிப் பாரம் தூக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். பாத்திரம் கழுவுகிறவன் பாரம் தூக்காவிட்டால் வேறென்ன செய்வான்? ஐம்பத்துநான்கு வயதில் எனக்கு யார் வேலை தருவார்கள்? இந்தக் கேள்விகளோடுதான் ஒரு சனிக்கிழமை லூயி-பிளாங் தெருவில் உள்ள மரக்கறிக் கடையில் நின்றேன். அங்கேதான் அவன் வந்தான்.

கத்தரிக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று புதுக்கடையைப் பற்றி நாலு பேருக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தான். "வைனுக்கெண்டே ஒரு ஆளை மேலை நிப்பாட்டப்போறன். வெள்ளைச் சேட்டு, கறுத்தக் களிசான். வாறவைக்கு எது நல்லதெண்டு சொல்லிக் குடுக்க வேணும். தமிழாள்தான் வேணும், ஆனால் தெரிஞ்ச ஆள் வேணும்."

என்னை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் வாயைத் திறந்தேன். "எண்பது வரியத்துக் கொடியிலை வாற ஸ்பெயின் சிவப்பு ஒண்டு இருக்கு. அது இல்லாமல் பட்டியல் போட்டால் அது பட்டியலே இல்லை."

அவன் திரும்பிப் பார்த்தான். மச்சான் என்று கூப்பிட்டவன் இருபது வருடமாக எனக்கு 'நீர்' போடுகிறான். "உமக்கு அதெப்பிடித் தெரியும்?"

கேள்வி சாதாரணமானதுதான். ஆனால் அவன் கேட்ட விதத்தில், வரிசையில் நின்ற இரண்டு பேர் கீழே பார்த்துச் சிரித்தார்கள்.

"விக்க வாற ஆக்கள் ருசி பாக்கத் தருவினம். பத்ரோன் என்னைத்தான் கூப்பிட்டுக் கேப்பார்" என்றேன். பச்சைப் பொய். பத்ரோன் என்னை மேலே கூப்பிட்டதெல்லாம் கழிவுக்குழாய் அடைத்த நாட்களில்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கண்ணைக் கட்டிப்போட்டு ஊத்தித் தா. அது எதெண்டு நான் சொல்லுறன்."

"அப்ப செவ்வாய்க்கிழமை மூண்டு மணிக்கு வாரும். நாலு போத்தில் வைக்கிறன். உம்மடை ஸ்பெயினைக் கண்டுபிடிச்சால் மேலை நிக்கிற வேலை உமக்கு. இவ்வளவு பேர் சாட்சி."

வீட்டில் மனைவியிடம் ஒரு வேலை விஷயம் என்று மட்டும் சொன்னேன். எதற்கென்று சொன்னால் எப்படித் தெரியும் என்று அவளும் கேட்பாள். அவள் வெள்ளைச் சேட்டை இஸ்திரி போட்டுக் கதிரையில் மாட்டிவைத்தாள். நாங்கள் இருக்கும் வில்லியே லே பெல்லிலிருந்து பஸ்ஸும் ரயிலும் பிடித்து வருகிற வழியெல்லாம், தரைக்கு மேலே யன்னல் வெளிச்சத்தில் நின்று ஒருவருக்கு வைன் ஊற்றுகிற என்னை நான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஆசைதான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு ஆசை.

புதுக்கடையில் பெயின்ற் மணம் இன்னும் போகவில்லை. மேசையில் நான்கு போத்தல்கள், ஒவ்வொன்றும் லா சப்பலில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்ப் பத்திரிகையில் சுற்றப்பட்டிருந்தது. அந்தப் பத்திரிகையில் பாதிக்கு மேல் மரண அறிவித்தல்கள். மூன்றாவது போத்தலில் இருந்து யாரோ ஒரு அம்மா பொட்டோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். போத்தலுக்கு முன்னால் மும்மூன்று கிளாஸ்கள்.

மூன்றாவது ஆள் யார் என்றால், தமிழ்நாட்டுப் பிள்ளை ஒருவர். முப்பத்தைந்து வயதிருக்கும். கணினிக் கம்பனி ஒன்றில் வேலை. வார இறுதிகளில் வைன் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் எடுத்தவராம். முதலாளி அவரை நடுவராகக் கூப்பிட்டிருந்தான். பணிவானவர், சிரித்த முகம். எனக்குக் கண்டவுடனே பிடிக்கவில்லை. நான் இருபத்திரண்டு வருடம் தண்ணீருக்குள் நின்று படித்ததை இவர் காசு கட்டிச் சனிக்கிழமைகளில் படித்திருக்கிறார்.

அவர்தான் ஆரம்பித்தார். "சார், ஒரு சின்ன விஷயம். பழைய கொடி ஒயின் ஓப்பன் பண்ணின உடனே ரொம்ப இறுக்கமா இருக்கும். ஒரு ரெண்டு மணி நேரம் திறந்து வச்சுட்டு அப்புறம் டேஸ்ட் பண்ணலாமா? அண்ணாவுக்கும் அதுதான் ஃபேரா இருக்கும்."

முதலாளி என்னைப் பார்த்தான். "என்ன சொல்லுறீர்? பொறுத்துச் செய்வமோ?"

எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. எனக்குச் சலுகை காட்ட இவர் யார்? "எனக்கு அது இறுகிக் கிடந்தாலும் தெரியும். உதெல்லாம் புத்தகத்திலை படிச்சவைக்கு" என்றேன்.

அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கியது. "ஓகே அண்ணா" என்று தக்கையைத் திருகி எடுத்தார். இதற்கு மேல் நான் சொல்லப்போகிற எதற்கும் வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாதபடி, நானே என் கதவைச் சாத்தினேன்.

முதலாவது லேசாக இருந்தது. பிரெஞ்சு, பொர்தோப் பக்கம் என்றேன். அந்தப் பிள்ளை தலையாட்டினார். முதலாளியின் புருவம் உயர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

இரண்டாவது வாயில் பட்டதும் வாழைக்காய்த் தோலைக் கடித்த மாதிரி நாக்கைக் கவ்வியது. சாராயக் காரம் மூக்கில் ஏறியது. பழமும் இல்லை, கல்லும் இல்லை, ஒரு மரப்பெட்டியின் மணம் மட்டும். அதைத் துப்பிவிட்டு, "இது நேற்றுப் பிறந்தது. குடிக்கிற பதத்துக்கு வர இன்னும் கனகாலம் இருக்கு" என்றேன். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன்.

மூன்றாவது இத்தாலி. அதையும் சரியாகச் சொன்னேன்.

நான்காவதை மூக்கருகே கொண்டுபோனதும் கண்ணை மூடினேன். மிருதுவாக, முனை மழுங்கி, கொஞ்சம் களைத்த ஒரு பழ வாசம். பிளோஞ்சில் மத்தியானம் மூன்று மணிக்கு எழும் அதே வாசம். குடித்தேன். எதுவும் நாக்கைக் குத்தவில்லை. நாவல்பழத்தைத் தேடினேன், இருக்கிற மாதிரித்தான் பட்டது. கல்லைத் தேடவில்லை. தேடியிருக்க வேண்டும்.

"நாலாவது" என்றேன். "இதுதான்."

"வடிவாய் யோசிச்சுச் சொல்லும்."

"யோசிக்க ஒண்டுமில்லை. இதுதான்."

முதலாளி அவசரப்படவில்லை. முதலில் இரண்டாவது போத்தலின் பத்திரிகையைப் பிரித்தான். வெள்ளை லேபிள். கோவேறு கழுதை. பிறகு நான்காவதைப் பிரித்தான். கடையில் கிளாஸ் கணக்கில் விற்கிற மலிவு வைன், போத்தலில் பாதிக்குச் சற்று அதிகம் இருந்தது. "இது நேற்று மத்தியானம் திறந்தது" என்றான். "வித்து மிஞ்சினது. மூண்டு போத்தில்தான் வாங்கினனான். நாலெண்டு சொல்லிப்போட்டன், அதாலை உதையும் வைப்பமெண்டு வைச்சனான்." பிறகுதான் சிரித்தான். "நீர் மிச்சத்தைத்தான் எடுத்தனீர்."

அந்தச் சொல்லை அவன் தற்செயலாகச் சொன்னானா, இருபது வருடமாக நாக்கின் அடியில் வைத்திருந்து சொன்னானா என்று எனக்குத் தெரியாது. நான் இரண்டாவதையே நம்புகிறேன்.

"பரவாயில்லை அண்ணா, ரொம்பக் கஷ்டமான டெஸ்ட்" என்றார் அந்தப் பிள்ளை. முதலாளியின் சிரிப்பைவிட அது எனக்கு அதிகமாக எரிந்தது.

எழுந்து போயிருப்பேன். ஆனால் முதலாளி குசினிப் பக்கம் திரும்பி மூன்று பேருக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டான். "சாப்பிட்டிட்டுப் போம்." எங்கள் ஆட்களிடம், போட்ட சாப்பாட்டை விட்டுவிட்டு எழும்புவதென்றால் ஜென்மத்துக்கும் பகை என்று பொருள். வெளி ஆள் ஒருவருக்கு முன்னால் அதைச் செய்ய எனக்குத் துணிவில்லை. அவனுடைய மேசையில், அவனுடைய கதிரையில் இருந்து, அவனுடைய இடியப்பத்தையும் ஆட்டிறைச்சிக் குழம்பையும் சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் இருவரும் அந்த ஸ்பெயின் போத்தலை இறைச்சியோடு ஊற்றி ஊற்றிக் குடித்தார்கள். எனக்கும் ஊற்ற வந்தபோது கிளாஸைக் கையால் மூடினேன். அந்தப் பிள்ளை ஆற அமரச் சாப்பிட்டுக்கொண்டு பட்டியலைப் பற்றிப் பேசினார், கடை வாடகையைப் பற்றிக் கேட்டார், தன் ஊரைப் பற்றிச் சொன்னார். ஐந்து மணிக்கு ஒரு கூட்டம் இருக்கிறதென்று அவர் எழும்பும்போது, இரண்டு மணித்தியாலம் போயிருந்தது.

முதலாளி அவரை வாசல்வரை அனுப்பப் போனான். நான் மேசையில் கிடந்த கிளாஸ்களைச் சேர்த்தேன். யாரும் சொல்லவில்லை. அழுக்குக் கிளாஸைக் கண்டால் என் கை போய்விடும், அது வியாதி. பன்னிரண்டு கிளாஸ்களையும் அந்தக் கழுதைப் படப் போத்தலையும் குசினித் தொட்டிக்குக் கொண்டுபோனேன். போத்தலில் இரண்டு விரல் மிஞ்சியிருந்தது. ஊற்றுவதற்காகச் சரித்தேன்.

நாவல்பழம். வெயிலில் காய்ந்த கல்.

தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர்க் கிளாஸ் ஒன்றில் ஊற்றிக் குடித்தேன். கசப்பு வந்து, விழுங்கிய பிறகும் போகமாட்டேன் என்று நின்றது. இதுதான். இருபது வருடமாக எனக்குத் தெரிந்தது இதுதான். மூன்று மணிக்கு என் நாக்கைக் கடித்ததும் இதுதான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, விளங்கியபோது அழுகை வரவில்லை, அவமானம்தான் வந்தது. என் வாழ்நாளில் நான் ஒரு போத்தலைத் திறந்ததில்லை. திறந்தவுடன் ஊற்றுகிற முதல் கிளாஸ் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மேலே இருப்பவர்கள் பேசிச் சிரித்துச் சாப்பிட்டு எழும்புகிற இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் எந்த வைனும் என்னிடம் வந்தது. நான்கு கொப்பிகளிலும் நான் எழுதி வைத்திருந்தது போத்தல்களின் அடிகள்தான். நேற்றைய மிச்சத்தை என் மூக்கு சொந்தக்காரனைப் போலத் தழுவிக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை.

"இன்னும் உந்தப் பழக்கம் விடேல்லையோ?"

முதலாளி குசினி வாசலில் நின்றான். நான் கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

"இதுதான் அது" என்றேன். "ரெண்டாவது. இப்ப தெரியுது."

"போத்திலைப் பாத்திட்டு ஆரும் சொல்லலாம்."

அவன் சொன்னது சரி. நிரூபிக்க என்னிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதை அவனிடம் சொல்வதைவிடத் தொட்டிக்குள் தலையை விடலாம். ஆனால் தோள் வலித்தது, வெள்ளைச் சேட்டு போட்டிருந்தேன், அந்த வேலை இன்னும் எட்டுகிற தூரத்தில் இருக்கிற மாதிரி இருந்தது.

"நான் குடிச்சனான்" என்றேன். "அண்டைக்கு நீ சொன்னது முழுப் பொய்யில்லை. கிளாஸிலை இல்லை, போத்திலிலை மிஞ்சினதை. ஒவ்வொரு நாளும். கோயிலிலை நான் பண்ணினதுதான் பொய்ச் சத்தியம். ரெண்டு மணித்தியாலம் திறந்து கிடந்ததைத்தான் எனக்குத் தெரியும், அதாலைதான் இண்டைக்குப் பிழைச்சது. திறந்து வைச்சிட்டு இன்னொருக்கா வை. நாலென்ன, நாற்பது போத்தில் வை. நான் சொல்லுவன்."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஒரு கணம், பக்கத்துத் தொட்டியில் நின்ற பழைய ஆள் அந்த முகத்தில் வந்துபோனான் என்றுகூட நினைத்தேன். பிறகு சொன்னான், கோபமில்லாமல், ஒரு கணக்கை விளக்குகிற குரலில்: "என்ரை கடைக்கு வாறவன் போத்திலை மேலையிருந்துதான் குடிப்பான். அடியிலை என்ன இருக்கெண்டு தெரிஞ்ச ஆளை வைச்சு நான் என்ன செய்யிறது?"

அவன் சொன்னது நியாயம். அவன் செய்த எல்லாவற்றையும் ஒருவேளை மன்னித்துவிடுவேன், அந்த நியாயத்தை மட்டும் மன்னிக்கமாட்டேன். இருபது வருடமாக அவனுக்குக் கொடுக்காமல் வைத்திருந்த ஒன்றை, கேட்காமலே அவன் கையில் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு நின்றேன்.

முன்பக்கம் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், போய்விட்டான். நான் கிளாஸ்களைக் கழுவினேன். எட்டுக் கிளாஸ்கள். அவன் வாய் வைத்த நான்கையும் தொடவில்லை, தொட்டியின் ஓரத்தில் அப்படியே வரிசையாக வைத்துவிட்டுப் பின்கதவால் வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். மறைக்க இனி என்ன இருக்கிறது? நாளைக்கே லா சப்பல் முழுக்கத் தெரிந்துவிடும், அதற்கு முன் என் வாயால் வரட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். போத்தல்கள், கொப்பிகள், கற்பூரத்தின் மேல் வைத்த கை. அவள் அழுவாள், அல்லது தமையனைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"ஆர் சொன்னது?"

"உங்கடை வேலைச் சேட்டு. வலக்கை மணிக்கட்டுக்கு உள்பக்கமாய் ஊதாக் கறை. பீங்கான் கழுவினால் அதிலை எண்ணெய் படும், சவர்க்காரம் படும். வாயைத் துடைச்சால்தான் அந்த இடத்திலை வைன் படும். இருபது வரியமாய் அதைத் தோய்க்கிறது ஆர்?"

"பிறகேன் ஒருநாளும் கேக்கேல்லை?"

"என்னைக் கட்டுறதுக்காகக் கோயிலிலை பொய்ச் சத்தியம் பண்ணின மனிசனை நான் என்னெண்டு கேக்கிறது?"

அவளோடு இரண்டு நாள் பேசவில்லை. அவள் மேல் கோபப்பட எனக்கு எந்த உரிமையும் இல்லை, அதனால்தான் இரண்டு நாளோடு முடிந்தது. நான் ஒளித்ததெல்லாம் எனக்கு மட்டும்தான் ஒளிந்திருந்தது என்பதை விழுங்க அவ்வளவு நேரம் பிடித்தது.

மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். வைத்தியரின் கடிதம் இன்னும் என் பைக்குள்தான் இருந்தது, பத்ரோனிடம் கொடுக்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்குக் கழுதைப் படப் போத்தல் ஒன்று கீழே வந்தது, அடியில் இரண்டு விரலோடு. தொட்டிக்கு மேலே சரித்துப் பிடித்தேன். ஊற்றிவிடத்தான் நினைத்தேன். பிறகு என் சின்னக் கிளாஸை எடுத்தேன்.

அன்று வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே வலக்கை மணிக்கட்டைப் பார்த்தாள். இருபது வருடமாக அந்தச் சேட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவேன். அன்றைக்கு மடிக்கவில்லை. அவள் கையை நீட்டினாள், நான் சேட்டைக் கழற்றிக் கொடுத்தேன்.